ஆபத்தான தொழில்களைத் தேடிச் சென்ற அம்மையார்

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் ஊர்ச் சந்தியிலே துவிச்சக்கர வண்டி திருத்தும் கடையொன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பது எனக்கு வழக்கம். ரியூப்பிலே ஒட்டுப் போடுமுன் கடைக்காரர் சிறு குழாயொன்றைப் பிதுக்கிச் சொலூசனைத் தடவுவார். அது காயும்வரை வாயால் ஊதுவார். அந்த மணம் எனக்கு மிகவும் பிடிக்கும். கிட்டச் சென்று மூக்கை நீட்டி முகர்ந்து மகிழ்ந்திருக்கிறேன். இனிய மணம் அது. தலையைச் சற்றே கிறுகிறுக்க வைப்பதும் அதுவே. அந்த மணத்தின் பின்னால் ஒரு வரலாறு உண்டென்பதையும், அவ்வரலாற்றின் நடுவிலே மெல்லிய உருவமும் அடக்கமான பேச்சுமுடைய ஒரு பெண்மணி நிற்கின்றார் என்பதையும் நான் அறிந்தது பல ஆண்டுகளின் பின்னரே.

இறப்பரையோ சாயத்தையோ மெருகெண்ணெயையோ கரைத்துத் தரும் திரவங்களைக் கரைப்பான்கள் என்கிறோம். பசையைப் பூசியதும் கரைப்பான் ஆவியாகிப் போய்விடுகிறது. இறப்பர் மாத்திரம் எஞ்சி ஒட்டிக்கொள்கிறது. போனது எங்கே போயிற்று? காற்றிலே கலந்தது என்று சொல்லிவிட்டு நாம் மறந்துவிடுகிறோம். அந்தக் காற்றையே அங்கு நின்று வேலை செய்பவன் நாள் முழுதும் மூச்சாக இழுக்கிறான் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. இந்த மறதியோடு போராடுவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அமெரிக்க வைத்தியரான அலிஸ் ஹமில்ரன் அம்மையார். 1869 முதல் 1970 வரை நூற்றோராண்டு வாழ்ந்த அப்பெருமாட்டியின் கதையை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

செல்வம் குன்றிய வீடு

அலிஸ் 1869ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி நியூயோர்க் நகரிற் பிறந்தார். வளர்ந்தது இந்தியானா மாநிலத்திலுள்ள போட் வெயின் என்னும் ஊரில். பாட்டனார் தேடிவைத்த செல்வத்தின் நிழலிலே பெண்கள் நால்வரும் ஆண் ஒருவருமாக அவ்வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். சிறுவயதிலே பள்ளிக்கு அனுப்பப்படாமல் வீட்டிலேயே மொழிகளும் இலக்கியமும் கற்றார்கள். மூத்தவரான எடித், கிரேக்க நாகரிகத்தையும் கிரேக்கப் புராணங்களையும் பற்றி எழுதிய நூல்களாற் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார்.

தந்தையாரின் வியாபாரம் நொடித்தபோது பெண்மக்கள் தாமே உழைத்து வாழவேண்டிய நிலை வந்தது. அக்காலத்திலே படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த வழிகள் மிகச் சில. அவற்றுள்ளே அலிஸ் வைத்தியத்தைத் தேர்ந்தார். விஞ்ஞான ஆர்வம் அவரை அதற்கு இழுக்கவில்லை. வைத்தியர் எந்த ஊருக்கும் போகலாம், எத்தகைய மக்களிடையேயும் பயன்படலாம் என்ற எண்ணமே இழுத்தது. 1893இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் தமக்கையாருடன் ஜேர்மனிக்குச் சென்று லைப்சிக்கிலும் மியூனிச்சிலும் படித்தார். பெண்ணாகையால், விரிவுரை மண்டபத்தில் எவர் கண்ணையும் உறுத்தாமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலேயே அங்கு அவருக்கு இடங் கிடைத்தது.

ஏழைகளின் அயலிலே

1897இல் சிக்காகோவிலுள்ள பெண்கள் வைத்தியக் கல்லூரியொன்றில் நோயியல் கற்பிக்கும் பதவி அவருக்குக் கிடைத்தது. அந்நகரில் அவர் தேடிக்கொண்ட இருப்பிடம், ஜேன் அடம்ஸ் அம்மையார் குடியேறிய ஏழைத் தொழிலாளர் நடுவிலே நடத்திவந்த ஹல் ஹவுஸ் என்னும் சேவை இல்லம். இருபத்திரண்டு ஆண்டுகள் அது அவருடைய வீடாயிற்று. இத்தாலியரும் போலந்து மக்களும் பல்கேரியரும் நிறைந்த அந்த அயலிலே குழந்தைகளைக் குளிப்பாட்டித் தாய்மாருக்குப் புத்திமதி சொல்லிவந்த இளம் வைத்தியர், விரைவில் வேறொன்றைக் கவனித்தார். அத்தெருக்களிலே நடுவயதை எட்டாத ஆண்கள் பலர் கை சோர்ந்தும் வயிற்று வலியால் துடித்தும் புத்தி பேதலித்தும் கிடந்தார்கள். அவர்கள் எந்தத் தொழிற்சாலையில் என்ன வேலை செய்தார்கள் என்று எந்த வைத்தியரும் கேட்டதில்லை.

இவ்விடத்தில் அவருடைய தவறொன்றையும் சொல்லிச் செல்ல வேண்டும். 1902இல் ஹல் ஹவுஸின் அயலிலே தைபோயிட்டுக் காய்ச்சல் பரவியபோது, மலகூடங்களிலிருந்து ஈக்களே நோயைக் காவுகின்றன என்று ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அக்கட்டுரை அவருக்குப் பெரும் பெயரைத் தேடித் தந்தது. ஆனால் உண்மைக் காரணம் வேறு. குழாயொன்று உடைந்து கழிவுநீர் குடிநீரிற் கலந்திருந்தது. அதிகாரிகள் அதை மறைத்துவிட்டார்கள். இச்சங்கதியைப் பின்னர் அறிந்த அம்மையார், தாம் பெற்ற புகழ் தமக்குரியதன்று என்பதை மறைக்காமல் தம் சுயசரிதையிலே எழுதிவைத்தார். கையிற் கிடைத்த காரணத்தோடு திருப்தியடையக்கூடாது, எவரேனும் மறைத்துவைத்த காரணம் இருக்கிறதா என்றும் தேடவேண்டும் என்ற பாடம் அன்றே அவர் மனத்திற் பதிந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு.

வீடு வீடாக ஓர் ஆராய்ச்சி

தொழில்களாலுண்டாகும் நோய்களைப் பற்றி ஐரோப்பாவிலே அக்காலத்திற் பல நூல்களும் சட்டங்களும் இருந்தன. அமெரிக்காவிலோ அத்தகைய நோய்கள் தம் நாட்டிலில்லை என்று வைத்தியர்களே நம்பியிருந்தார்கள். 1910இல் இலினோய்ஸ் மாநிலம் இதை ஆராய முற்பட்டபோது, அப்பணியை நடத்தும் பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. அவர் எடுத்துக்கொண்ட முதல் விஷம் ஈயம்.

அவர் கையாண்ட முறை எளியது. ஆனால் அதற்குமுன் அங்கு எவரும் செய்யாதது. தொழிற்சாலை வாசலிலே விசாரணை தொடங்கிற்று, அங்கேயே முடிந்துவிடவில்லை. வைத்தியசாலைப் பதிவேடுகளைப் புரட்டினார். மருந்துக் கடைக்காரரையும் பாதிரியாரையும் பிரேத அடக்கஞ் செய்பவரையும் கண்டு பேசினார். தொழிலாளியின் வீட்டுப் படியேறினார். தொழிற்சாலையிலே மேற்பார்வையாளன் முன்னிலையில் வாய்திறக்க அஞ்சியவன், தன் வீட்டு அடுக்களையிலே மனந்திறந்தான். அவன் மனைவி இன்னும் தெளிவாகப் பேசினாள். குளியற்றொட்டிகளுக்கு மெருகு பூசும் தொழிலில் ஈயமே இல்லையென்று எண்ணியிருந்த அம்மையாருக்கு, நோயுற்ற தொழிலாளி ஒருவனே உண்மையைக் காட்டினான். அவருக்குக் காட்டப்பட்ட இடம் ஒன்று, ஆபத்து நிகழும் இடம் வேறு. பின்னர் மெருகுத்தூளை எடுத்துப் பரிசோதித்தபோது ஈயம் அதிலே தாராளமாக இருந்தது. எழுபதுக்கு மேற்பட்ட தொழில் முறைகளிலே ஈய நஞ்சுக்கு இடமிருப்பதை அவ்வாராய்ச்சி வெளிப்படுத்திற்று. 1911இல் அம்மாநிலம் தொழில் நோய்களைத் தடுக்கும் சட்டமொன்றை இயற்றியது.

அக்கால முதலாளிகளுக்குச் சௌகரியமான நம்பிக்கையொன்று இருந்தது. தொழிலாளி கைகழுவாமற் சாப்பிடுகிறான், அதனால் நஞ்சு உடலிற் சேருகிறது; ஆகவே குற்றம் அவனுடையதே என்பதுதான் அது. அம்மையார் இதை ஒப்பவில்லை. தொழிலாளி உண்பது நாளிற் சில வேளை; மூச்சு விடுவதோ ஒவ்வொரு கணமும். கைகழுவுவதைத் தொழிலாளியிடம் விட்டுவிடலாம். காற்றைக் கழுவுவது தொழிற்சாலையை நடத்துபவரின் கடமை. தூசியைப் பற்றி அவர் நிலைநாட்டிய இவ்வுண்மையே பின்னர் கரைப்பான் ஆவிகளைப் பற்றிய அவர் ஆராய்ச்சிக்கும் அடித்தளமாயிற்று.

அதே 1911இல் மத்திய அரசாங்கம் அவரை விசேட ஆராய்ச்சியாளராக்கிற்று. பதவி பெரிதாகத் தோன்றினாலும் அதிகாரம் எதுவும் அதிலில்லை. எத்தொழிற்சாலையினுள்ளும் நுழைய அவருக்கு உரிமையில்லை. உள்ளே விடும்படி கேட்கும் வாய் ஒன்றே இருந்தது. வெள்ளீயக் கம்பனியொன்றின் தலைவர்களுள் ஒருவரான எட்வேட் கோர்ணிஷ், தம் ஆட்கள் நஞ்சுறுகிறார்கள் என்பதை நம்ப மறுத்து, நிரூபிக்கும்படி கேட்டார். இருபத்திரண்டு பேரின் நோய் விபரங்களோடு அம்மையார் திரும்பி வந்தார். கோர்ணிஷ் சொன்ன சொற் காத்தார். தூசியைக் கட்டுப்படுத்தவும் வைத்தியரை நியமிக்கவும் ஒழுங்கு செய்தார்.

இனிய மணமுடைய நஞ்சு

இனி நான் தொடக்கத்திற் குறிப்பிட்ட மணத்துக்கு வருகின்றேன். பென்சீன் என்னும் திரவத்தை 1825இல் விஞ்ஞானி மைக்கல் பரடே கண்டுபிடித்தார். இறப்பரைக் கரைப்பதிலும் விரைவாக உலர்வதிலும் அதற்கு நிகரானது அரிது. 1897இலேயே சுவீடன் நாட்டு உப்சாலா நகரில் துவிச்சக்கர வண்டி ரயர் செய்யும் தொழிற்சாலையிலே வேலைசெய்த இளம் பெண்கள் பென்சீன் ஆவியால் நோயுற்று, நால்வர் இறந்த செய்தியைச் சன்ரெசன் என்னும் வைத்தியர் வெளியிட்டார். 1910இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில், தகர டப்பிகளுக்குப் பசை பூசிய பெண்களிடத்தும் அதே நோய் தோன்றிற்று.

அந்நோயின் போக்கு வஞ்சகமானது. ஆவி மிகுதியாக இருந்தால் தலை சுற்றும், கால் தள்ளாடும், நினைவு தப்பும்; மூடிய தொட்டிக்குள் இறங்கியவன் அங்கேயே மாண்டுபோவான். இது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து வேறொன்று. சிறிது சிறிதாக மாதக்கணக்கில் சுவாசித்தால், இரத்தம் உற்பத்தியாகும் என்பு மச்சையைப் பென்சீன் கெடுக்கிறது. வெண்குருதிக் கலங்கள் குறைகின்றன. இரத்தம் உறையும் தன்மை கெடுகிறது. முரசிலும் மூக்கிலும் இரத்தம் கசியும்; தோலின் கீழே கருநீலப் புள்ளிகள் தோன்றும். அதுவரை அந்தப் பெண் சற்றுக் களைப்பாயிருக்கிறது என்று மாத்திரமே சொல்லியிருப்பாள்.

முதலாம் உலக யுத்தம் இந்நஞ்சைப் பெருக்கிற்று. வெடிமருந்து செய்யத் தொலுயீன் வேண்டியிருந்தது. நிலக்கரியைச் சுட்டுக் கற்கரியாக்கும் உலைகளிலிருந்து தொலுயீனைப் பிரித்தெடுத்தபோது பென்சீனும் பெருமளவிற் கூடவே வந்தது. யுத்தம் முடிந்தது, பென்சீன் முடியவில்லை. மலிந்து கிடந்த அத்திரவத்துக்கு இறப்பர்ப் பசையிலும், செயற்கைத் தோலிலும், மெருகெண்ணெயிலும், வர்ணம் நீக்கும் திரவத்திலும் உபயோகம் தேடினார்கள். யுத்த காலத்தில் வெடிமருந்துச் சாலைகளைத் தேடி, வானில் எழும் மஞ்சட் புகையையே வழிகாட்டியாகக் கொண்டு நடந்த அம்மையார், அவ்வாலைகளின் துணைப்பொருள் சமாதான காலத் தொழில்களுக்குள் நுழைவதைக் கண்டு திடுக்குற்றார். 1922இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையிலே, பென்சீன் நஞ்சு வளர்ந்துவரும் அபாயம் என்று நாட்டை எச்சரித்துக் கட்டுரை எழுதினார்.

ஹாவாட்டின் மூன்று நிபந்தனைகள்

இதற்கிடையே 1919இல் ஹாவாட் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. தொழில் வைத்தியம் என்னும் புதிய துறையைக் கற்பிக்க அவரைவிடத் தகுதியுள்ள ஆண் எவரும் அமெரிக்காவில் இருக்கவில்லை. அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழாத்திலே சேர்ந்த முதற் பெண் அவரே. ஆயினும் மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஆசிரியர் கழக மண்டபத்தினுள் அவர் நுழையக்கூடாது. உதைபந்தாட்டப் போட்டிக்கு அநுமதிச்சீட்டுக் கேட்கக்கூடாது. பட்டமளிப்பு ஊர்வலத்திலே நடக்கக்கூடாது. அவர் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார்; 1935இல் உதவிப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் ஒரு படி உயர்வு கொடுக்க அந்த மகா கலாசாலைக்கு மனம் வரவில்லை. 1925இல் அவர் வெளியிட்ட தொழில் நஞ்சுகள் பற்றிய பாடநூல் அத்துறையில் அமெரிக்காவில் எழுந்த முன்னோடி நூலாக மதிக்கப்பட்டது.

எங்கே வென்றார், எங்கே தோற்றார்?

பெரியோர் வரலாற்றை எழுதுகையில் வெற்றிகளை மாத்திரம் அடுக்குவது நம்மவர் வழக்கம். அம்மையாருக்கு அது பொருந்தாது. 1925 மே மாதத்தில், பெற்றோலில் ஈயக் கலவை சேர்ப்பது பற்றி வொஷிங்டனில் ஒரு மாநாடு கூடிற்று. ஈயத்தைப் பயன்படுத்துமிடத்தில் என்றாவது நஞ்சு தலைகாட்டாமற் போகாது, வேறு பொருளைத் தேடுங்கள் என்ற கருத்தை அவர் அங்கு எடுத்துரைத்தார். அவர் சொல் ஏறவில்லை. அக்கலவை உலகெங்கும் ஓடிற்று; வீதி வாகனங்களுக்கான ஈயப் பெற்றோல் உலகில் முற்றாக நின்றது 2021இலேதான்.

ஓய்வின் பின்னும் அவர் ஓயவில்லை. 1937, 1938ஆம் ஆண்டுகளில், எழுபதை எட்டும் வயதிலே, தொழிற் திணைக்களத்தின் சார்பில் செயற்கைப் பட்டு எனப்படும் றேயோன் ஆலைகளை ஆராய்ந்தார். மரக்கூழைக் கரைக்க அங்கே பயன்பட்டது காபனிருசல்பைட்டு என்னும் மற்றொரு திரவம். அதன் ஆவி நரம்புகளைத் தாக்கும், காலை முடமாக்கும், சாதுவான மனிதனை மூர்க்கனாக்கும், சிலரைப் பைத்தியசாலைக்கும் அனுப்பும். 1856இலேயே பாரிஸ் நகரத்து வைத்தியர் டெல்பெஷ், இறப்பர்த் தொழிலாளரிடம் இந்நோயைக் கண்டு எழுதியிருந்தார். எண்பது ஆண்டுகள் கழிந்தும் அமெரிக்க ஆலைகளிலே அது பேசப்படாத இரகசியமாகவே இருந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் உதவியோடு தொழிலாளரைப் பரிசோதிக்கச் செய்து அந்த இரகசியத்தை அம்மையார் உடைத்தார்.

ஆபத்தை மதிப்பிடுவதற்கு அவர் வாழ்க்கை முழுவதும் மூன்று கேள்விகளைக் கேட்டார் என்று நான் கருதுகின்றேன். இங்கே பாவிக்கப்படும் பொருள் யாது? அது எவ்வழியாக உடலிற் புகுகிறது? அதனால் ஏற்கெனவே விழுந்தவர் யார்? முதலிரு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னரும், மூன்றாவது கேள்விக்கு விடையாகப் போதிய பிணங்களைக் காட்டினாலன்றி உலகம் அசைய மறுத்தது. அவருடைய துயரமும் அதுவே. இருபத்திரண்டு நோயாளரைக் கண்டு மனம் மாறிய கோர்ணிஷ் போன்றோர் அரியர். நல்ல மனத்தை மாத்திரம் நம்பிய அவர் வழி ஓரிடத்திற் பலித்தது. பல இடங்களிற் பலிக்கவில்லை. அவர் எச்சரித்த பென்சீனின் கதையே அதற்குச் சாட்சி.

பத்து இலட்சம் பங்கு காற்றிலே எத்தனை பங்கு பென்சீன் ஆவி இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை வகுப்பதுண்டு. 1946இல் அமெரிக்க நிபுணர் கழகமொன்று வகுத்த எல்லை 100 பங்கு. 1948இலே அமெரிக்கப் பெற்றோலியத் தொழிலின் சார்பில் எழுதப்பட்ட அறிக்கையே, முற்றிலும் பாதுகாப்பான அளவு பூச்சியம்தான் என்று ஒப்புக்கொண்டது. 1971இல் சட்ட எல்லை 10 பங்காயிற்று. 1974இல், பென்சீன் கலந்த பசையைப் பாவித்த இஸ்தான்புல் நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளரிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருப்பதைத் துருக்கிய வைத்தியர் முசபர் அக்சோய் வெளியிட்டார். 1978இல் எல்லையை 1 பங்காகக் குறைக்க அமெரிக்க அரசாங்கம் முயன்றது. 1980இல் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1987இலேதான் அது நிலைத்தது. மனிதனின் என்பு மச்சை 1946இலும் 1987இலும் ஒன்றே. மாறியது எண் மாத்திரமே. அந்த நாற்பத்தொரு ஆண்டுகளிலே பழைய எண்ணை நம்பி மூச்சு விட்டவர்களின் கணக்கை யார் எழுதுவார்?

கடைசி நாட்கள்

1943இலே தம் சுயசரிதையை வெளியிட்ட அம்மையார், கனெக்ரிகட் மாநிலத்து ஹட்லைம் என்னும் சிற்றூரில் ஆற்றங்கரை வீடொன்றிலே சகோதரியோடும் தோழியோடும் முதுமையைக் கழித்தார். 1970 செப்ரம்பர் 22ஆந் திகதி காலமானார். மூன்று மாதங்களின் பின், டிசெம்பர் 29ஆந் திகதி, தொழிலிடங்களின் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் பேணும் சட்டம் அமெரிக்காவிலே கையெழுத்தாயிற்று. அழைப்பின்றி உட்புக உரிமையில்லாமல் அறுபது ஆண்டுகளுக்கு முன் அவர் நின்ற வாசல்களினூடாக, அச்சட்டத்தின் பின் பரிசோதகர்கள் அதிகாரத்தோடு நுழைந்தார்கள். அடுத்த ஆண்டிலே சர்வதேசத் தொழில் தாபனமும் பென்சீன் பற்றிய உடன்படிக்கையொன்றை நிறைவேற்றி, மூடிய இயந்திரங்களுக்கு வெளியே அதைக் கரைப்பானாகப் பாவிப்பதைத் தடை செய்யும்படி நாடுகளைக் கேட்டது.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை எங்கள் ஊர்ச் சந்தியால் வந்துகொண்டிருந்தேன். பழைய கடை இருந்த இடத்திலே வேறொரு கடை. வாசலில் ஒரு பொடியன் குந்தியிருந்து, சொலூசனைத் தடவிய ரியூப்பை முகத்தருகே பிடித்து ஊதிக்கொண்டிருந்தான். அதே மணம். முன்போல் நின்று இரசிக்க என்னால் முடியவில்லை. குழாயை வாங்கி, அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். உள்ளே இருப்பது இன்னது என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. தம்பி, இதைக் காற்றுப்படும் இடத்தில் வைத்துவிடு, தானாகக் காயும், ஊதவேண்டாம் என்று சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே ரியூப்பைத் திண்ணையில் வைத்தான். இதில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்கிய இடத்திற் கேட்டுச் சொல்லும்படி கடை முதலாளியிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை அவ்வழியால் போகும்போது மறவாமல் விசாரிக்க வேண்டும்.